சுடுமல்லியும் லாலாங்கும்

பாட்டியின் வலது கைக் கட்டைவிரலில் நகம் முழுதாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. பாதி வளர்ந்ததும் மஞ்சளாகும், நடுவில் கோடு விழும், பிறகு ஒருநாள் துணி துவைக்கும்போது பிய்ந்து வந்துவிடும். சின்ன வயதில் "ஏன் பாட்டி உங்களுக்கு மட்டும் இப்படி?" என்று கேட்டால், "மருந்து தின்னுடுச்சு அய்யா" என்பார். மருந்து நோயைத்தானே தின்னும், நகத்தை எப்படித் தின்னும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கேரி தீவுக்குக் கூட்டிப்போனேன். பாட்டி பிறந்த இடம். தீவு என்றதும் படகெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் தாண்டித் திரும்பி, லங்காட் ஆற்றின் மேல் ஒரு பாலத்தைக் கடந்தால் தீவு வந்துவிடும். நகரத்துக்காரர்கள் நண்டு சாப்பிடவும், மா மெரி பூர்வகுடிகள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்கவும் வருவார்கள். மற்றபடி கண்ணுக்கெட்டியவரை செம்பனைதான். பாட்டி பிறந்தபோது ரப்பரும் தென்னையும் இருந்ததாம். அவர் இருந்த லயம் எங்கே என்று அவராலேயே அடையாளம் காட்ட முடியவில்லை.

புதிதாக நடவு செய்திருந்த ஒரு பகுதியில் காரை நிறுத்தினேன். இடுப்புயரக் கன்றுகள். தரை தெரியாமல் கரும்பச்சையாக ஒரு கொடி மூடியிருந்தது. பாட்டி இறங்கிப் பார்த்துவிட்டு, "காச்சாங் கொடி நல்லா போட்டிருக்கான்" என்றார். பிறகு சாலையோரத்தில் இன்னொரு கொடியைக் காலால் தட்டினார். "இதப் பாரு, சுடுமல்லி. இத விட்டா எல்லாத்தையும் தின்னுடும்."

அவர் காட்டியது மிக்கானியா. மலாயில் செலாபுட் துங்குல் என்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு மைல் வளரும் என்று ஆங்கிலத்தில் அதற்குப் பட்டப்பெயர். சுடுமல்லி என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அது சுடுமல்லியா பாட்டி?"

"யாருக்குத் தெரியும்? எங்கம்மா எல்லாக் களையையும் சுடுமல்லின்னுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன்."

பாட்டியின் அம்மா நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். அப்போது அது சேலம் ஜில்லா. 1938-ல் இந்திய அரசு கூலி ஆட்கள் மலாயாவுக்குப் போவதை நிறுத்தியதற்குச் சற்று முன்னால் கப்பல் ஏறியவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. இந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை.

*

சுடுமல்லி மானாவாரிச் சோளக் கொல்லைகளிலும் கரும்பிலும் வரும் ஒட்டுண்ணிக் களை. பல்லிப்பூண்டு என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ஸ்ட்ரைகா. ஓர் அடி உயரம் வந்தால் அதிகம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வெள்ளைப் பூ. பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மண்ணுக்கு அடியில் அதன் வேர் சோளத்தின் வேரைத் துளைத்து உள்ளே போய், நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

அதன் விதை கால் மில்லிமீட்டர் அளவுதான். தூசி மாதிரி. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். அவை மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மழை பெய்தால் மட்டும் முளைத்துவிடாது. பக்கத்தில் சோள வேர் வந்துவிட்டது என்று தெரிந்தால்தான் முளைக்கும். கையிருப்பில் அதற்குச் சாப்பாடு இல்லை. முளைத்த சில நாட்களுக்குள் வேர் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

வேர் வந்தது எப்படித் தெரியும்? நான் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவன், ஆகவே இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் கூடியது. மண்ணில் மணிச்சத்து குறையும்போது பயிர் தன் வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சைக்கு அது அழைப்பு. "வந்து மணிச்சத்து கொண்டுவா, பதிலுக்குச் சர்க்கரை தருகிறேன்" என்கிற ஒப்பந்தம். சுடுமல்லி இந்த அலைவரிசையை ஒட்டுக்கேட்கிறது. பசித்த பயிர் உதவிக்குக் கூப்பிடும் குரலே திருடனுக்கு முகவரியாகிறது. 1966-ல் இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்து, ஸ்ட்ரைகாவின் பெயராலேயே ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டார்கள். அது பூஞ்சைக்கான அழைப்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2005-ல். இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம், திருடனுக்கு ஏன் பயிர் கதவைத் திறக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

விவசாயியின் பிரச்சினை இதுதான்: சுடுமல்லி தரைக்கு மேலே தலைகாட்டும்போது சேதம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். பல வாரங்கள் அது மண்ணுக்குள்ளேயே இருந்து உறிஞ்சியிருக்கும். ஈரம் இருந்தும் சோளம் வாடி நிற்கும். யாரோ செய்வினை வைத்த மாதிரி. ஆங்கிலத்தில் அதைச் சூனியக்காரிக் களை என்று அழைப்பது சும்மா இல்லை.

அப்படியானால் தலைகாட்டிய பிறகு கையால் பிடுங்கி என்ன பயன்? அந்த வருஷத்துச் சோளத்துக்குப் பெரிதாகப் பயனில்லை. பூத்து விதை கொட்டும் முன் பிடுங்கினால், அடுத்த வருஷத்துச் சோளத்துக்குப் பயன். அதற்கடுத்த வருஷத்துக்கு இன்னும் பயன். வெயிலில் குனிந்து பிடுங்குகிறவருக்குக் கண்முன்னே எந்தப் பலனும் கிடைக்காத வேலை இது. கொள்ளுப்பாட்டி சிறுமியாக இருந்தபோது அதைச் செய்திருக்கலாம். யார் நிலத்தில் என்று தெரியவில்லை.

இதே களை 1956-ல் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு கரோலினா மாநிலங்களில் மக்காச்சோளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பயிர் ஏன் வாடுகிறது என்று அங்கே குழம்பிக்கொண்டிருந்தபோது, அது என்ன செடி என்று அடையாளம் காட்டியவர் இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருந்த ஒரு மாணவர். தன் நாட்டுக் கொல்லைகளில் பார்த்துப் பழகிய கண். அதன் பிறகு அமெரிக்க அரசு தனிமைப்படுத்தல் அறிவித்தது, எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் செலுத்தி விதைகளை ஏமாற்றி முளைக்க வைத்துக் கொன்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த வேலை. கிட்டத்தட்ட முழுதாக ஒழித்தும்விட்டார்கள். பணம் இருந்தது, செய்தார்கள்.

பணம் இல்லாதவர்களுக்குப் பருத்தி இருந்தது. பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேரும் அதே மாதிரிக் குரல் கொடுக்கும். சுடுமல்லி நம்பி முளைக்கும். ஆனால் அந்த வேர்களில் அதனால் ஒட்டிப் பிழைக்க முடியாது. சோளத்துக்குப் பிறகு கடலை, பிறகு பருத்தி என்று மாற்றிப் போட்ட கொல்லையில் விதைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாந்து சாகும். ஸ்ட்ரைகாலை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பருத்தி வேரிலிருந்துதான்.

*

கொள்ளுப்பாட்டி கப்பலில் வந்து இறங்கிய தோட்டத்தில் சோளக் கொல்லை இல்லை. களை மட்டும் இருந்தது.

கேரி தீவுக்கு அந்தப் பெயர் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரால் வந்தது. மா மெரி மக்கள் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள். சதுப்பும் காடும் அவர்களுக்கு வீடு, மருந்துக்கடை, மளிகைக்கடை எல்லாம். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் அது 'திருத்த வேண்டிய நிலம்' ஆகிவிட்டது. எது களை என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை, நிலத்தின் பட்டா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தீர்மானிக்கிறார்.

சிலோன் காப்பித் தோட்டங்களின் பழக்கத்தை ஒட்டி, ஆரம்ப காலத் துரைகள் ரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று நம்பினார்கள். மாதா மாதம் சுத்தமாகச் செதுக்க வேண்டும். தரை பளிச்சென்று இருந்தால்தான் நல்ல தோட்டம், நல்ல மேனேஜர். மலாயா மழைக்கு அந்த வெறும் தரை என்ன ஆகும்? மேல்மண் ஆற்றோடு போனது. இது தவறு என்று பரவலாக ஒத்துக்கொண்டு, தரையை மூட அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் போட ஆரம்பித்ததற்குள் பத்துப் பதினைந்து வருஷ மண் கடலில் கரைந்திருந்தது. அதைச் செதுக்கியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களும், பால்வெட்டுக்கு இன்னும் பழக்கப்படாத இளசுகளும். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள மாவட்டங்களுக்கு அரசு நிர்ணயித்த இந்தியத் தொழிலாளியின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தைக் குனிந்து குனிந்து சம்பாதித்தது தோட்டம்.

லாலாங் புல்லோ செதுக்கினாலும் சாகாது. அடியில் கிடக்கும் தண்டிலிருந்து மறுபடி கிளம்பும். எரித்தால் இன்னும் குஷியாக வளரும். ஆகவே அதன் மேல் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். நம் ஊர்ச் சொல்லில் பாஷாணம். மருந்தடித்த புல்லைத் தின்று மாடுகள் செத்தன. தெளித்த ஆட்களையும் அது விடவில்லை. மலாயாத் தோட்டங்களில் இது 1960கள் வரை நடந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. சிலாங்கூர் தென்னாமரம் தோட்டத்தில் 1917-ல் வணிகரீதியாக முதலில் நட்டார்கள். மிக்கானியா லத்தீன் அமெரிக்கச் செடி. தரையை மூடும் பூரேரியா, செண்ட்ரோசீமா கொடிகளில் பாதி வெளியூர். பாட்டி காட்டிய கரும்பச்சைக் கொடி முக்குனா, வடகிழக்கு இந்தியாவில் பிறந்து கேரள ரப்பர் தோட்டம் வழியாக 1990களில் இங்கே வந்தது. இந்தக் கூட்டத்தில் உண்மையான உள்ளூர்க்காரன் லாலாங்தான். பெரிய களை என்று பெயர் வாங்கியதும் அதுதான். 1987 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளையும் சமூகச் செயல்பாட்டாளர்களையும் விசாரணையில்லாமல் உள்ளே வைத்த போலீஸ் நடவடிக்கைக்கு 'ஓப்பராசி லாலாங்' என்று பெயர் வைத்தபோது, பெயர் வைத்தவருக்கு அந்தப் புல்லின் குணம் முழுதாகத் தெரிந்திருக்காது.

*

பாட்டி 1965-ல் கல்யாணமாகித் தீவை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போனார். பெயர் வேண்டாம். 70களின் தொடக்கத்திலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தார்.

விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மண்டோர் ஆள் பிரிப்பார். மருந்தடிக்கிற வேலை எப்போதும் பெண்களுக்குத்தான். முதுகில் மாட்டும் பம்பில் தண்ணீரும் மருந்துமாகப் பதினைந்து லிட்டருக்கு மேல். ஒரு கை நெம்புகோலை அடிக்கும், ஒரு கை குழாயைப் பிடிக்கும். மூடி சரியாக இறுகாத பம்பிலிருந்து முதுகு வழியாக மருந்து வழியும். கையுறை?

"ஒரு தரம் குடுத்தாங்க. அதப் போட்டா கை வேர்த்து வழுக்கும். வெயில்ல எவ போடுவா? கிழிஞ்சதும் புதுசு குடுக்கல."

மூக்கில் ரத்தம் வரும். கண் எரியும். நகம் கழலும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டியே ஒரு கணக்கு வைத்திருந்தார்: குளித்த பிறகுதான் பால் கொடுப்பது.

அந்த மருந்து பாராகுவாட். 1962-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால், ஒளிச்சேர்க்கையின்போது ஓடும் எலக்ட்ரான்களைத் திருடி, ஆக்சிஜனையே செல்களுக்கு எதிரான ஆயுதமாக மாற்றிவிடும். சில மணி நேரத்தில் இலை கருகும். மனித உடலில் போனால் அதே வேலையை நுரையீரலில் செய்யும். முறிமருந்து கிடையாது. தோட்டப்புறத்தில் 'மருந்து குடிச்சிட்டா' என்று செய்தி வந்தால், எந்த மருந்து என்று யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெயராவது உண்டு. பாட்டி அந்தப் பெயர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பாஷாணத்தோடு ஒப்பிட்டால் பாராகுவாட் முன்னேற்றம் என்றுதான் அன்று சொன்னார்கள். 1974-ல் கிளைபோசேட் வந்தது. உலகத்தில் அது முதலில் விற்பனைக்கு வந்த இடங்களில் மலேசிய ரப்பர் தோட்டமும் ஒன்று. களைகள் சும்மா இருக்கவில்லை. 1990-ல் பாராகுவாட்டுக்கும், 1997-ல் கிளைபோசேட்டுக்கும் சாகாத சம்பாவ் புல் மலேசியாவில் பதிவானது. சம்பாவ் கேழ்வரகின் காட்டுச் சொந்தம். சேலத்துக்காரர்களின் களியைப் போலவே கெட்டி.

புல் எதிர்ப்புச் சக்தியைக் காட்ட ஏறத்தாழ முப்பது வருஷம் ஆனது. மனிதர்கள் பேச இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 2002-ல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. நஞ்சூட்டப்பட்டு வாய் மூடப்பட்டவர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். அதே வருஷம் ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல். அதற்குள் பாட்டியின் கூட்டத்தில் பலர் இல்லை. அந்தத் தோட்டமும் இல்லை, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது.

நம் கதைகளில் பால்வெட்டு உண்டு. கத்தி, மங்கு, வாளி, அதிகாலை இருட்டு, கொசு எல்லாம் உண்டு. அகிலன் மலேசியத் தோட்டங்களை வைத்து எழுதிய நாவலின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. ஆனால் நான் படித்த வரையில், முதுகில் பம்பு மாட்டிய பெண் ஓரமாகத்தான் நடந்து போகிறாள். பால்வெட்டில் ஒரு கலை இருக்கிறது, மரத்தின் பட்டையில் தடம் மிஞ்சுகிறது. களையெடுப்பவள் வேலையைச் சரியாகச் செய்தால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. ஒன்றுமில்லாததைப் பற்றி யார் எழுதுவார்கள்?

*

கடைசியாக ஒரு செய்தி. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் ம்பித்தா என்ற ஊர். 1990களில் அங்கே ஜியாவுர் கான் என்ற இந்திய விஞ்ஞானியும் கூட்டாளிகளும் மக்காச்சோளத்தின் தண்டுத் துளைப்பானை விரட்ட வழி தேடிக்கொண்டிருந்தார்கள். வரிசைகளுக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற அவரைக் குடும்பத்துச் செடியைப் போட்டார்கள். அதன் வாசம் பூச்சியை விரட்டும். சுற்றி நேப்பியர் புல் நட்டால், பூச்சி அந்தப் பக்கம் போய்விடும். செய்து பார்த்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. டெஸ்மோடியம் இருந்த இடத்தில் சுடுமல்லி வரவில்லை. அதன் வேர் சுடுமல்லி விதையை முளைக்கவும் வைக்கிறது, முளைத்ததைப் பயிரின் வேரில் ஒட்டவிடாமலும் தடுக்கிறது. கூடவே மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீவனம். சுடுமல்லிக்கு மருந்து வாங்கப் பணமில்லாத குடும்பங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன.

இந்த டெஸ்மோடியத்தின் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்று மலேசியத் தோட்டங்களில் நிழலடியில் போடும் மூடுகொடிகளில் ஒன்று. பாட்டிக்குத் தெரியும். சின்ன வட்ட இலை, காச்சாங்கிலேயே ஒரு வகை என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல மருந்தே அடிக்கிறதில்லையா?"

"அந்தக் களைக்கு அடிக்கிறதில்ல பாட்டி."

"இங்கயும் கொடி போட்டா களை வராதுன்னு தொரைக்குத் தெரியுமே. எங்கம்மா காலத்துலயே போட்டாங்களே."

உண்மைதான். கொடி இளம் தோட்டத்தில் களையைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். ஆனால் மரத்தைச் சுற்றிய வட்டத்தையும் பழம் பொறுக்கும் பாதையையும் வெறுமையாக வைக்க ஆள் வேண்டும். கையால் செதுக்க ஆள் கூடுதலாக வேண்டும், மருந்தடிக்கக் குறைவாகப் போதும். அந்தக் கணக்கைப் பொறியியல் மொழியில் விளக்க ஆரம்பித்தேன். இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆள் நாள், இத்தனை வெள்ளி. பாட்டி நகமில்லாத விரலால் சீட் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

காரிலிருந்து இறங்கியதும் அவர் முதலில் செய்த காரியம், வாசலில் துளசித்தொட்டியில் முளைத்திருந்த ஏதோ ஒன்றை வேரோடு பிடுங்கியது.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி புடுங்கிடணும் அய்யா. எங்கம்மா சொல்லும்" என்றார்.